மெய்ப்பொருளாரின் வெற்றி

சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் மெய்ப்பொருள் நாயனாரை வெற்றித்திறம் மிக்கவராகப் போற்றுகிறார். பகைவன் கையால் குத்துண்டு உயிர்நீத்த மன்னரை வெற்றியாளர் எனல் எங்ஙனம் பொருந்தும்? முன்னர்ப் போர்க்களத்தில் பெற்ற வெற்றிகளே கருதப்பட்டன எனின், அவை பிற மன்னர்க்கும் பொதுவாம். அடியார்க்கே உரிய சிறப்பாகா. இவ்வினாவிற்கு விடை, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் உளது.

திருக்கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்டவர் மெய்ப்பொருளார். அவரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடை தாங்கி, அரிய ஆகமம் கொணர்ந்தவன்போல் புகுந்து, சுவடிக்கட்டில் மறைத்து வைத்த படைக்கருவியால் குத்தினான். காவலனாகிய தத்தன் வாளோங்கினான். வீழ்கின்ற மன்னர் கையால் தடுத்து, வந்தவன் தம்மைச் சார்ந்தவனே என உரைத்து, அவனை இடையூறின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார்.

மன்னர் காத்தது வேடத்தையேயன்றிப் பகைவனை அன்று. ஆதலின் இஃது அருளாகாது என ஒருவர் தடை எழுப்பலாம். இத்தடை எளிதில் தள்ளற்பாலதன்று. வேடத்தின்பாற் கொண்ட மதிப்பே காரணம் என்பது காப்பியத்தால் தெளிவு. அதனை மறைத்து இதனைப் பொதுவானதொரு மன்னிப்புக் கதையாகக் காட்டுதல் நூலுக்கு இழைக்கும் தவறாகும். ஆயினும், காரணம் வேறு. அதன்வழி நிற்கும் உள்ளத்திறம் வேறு. குத்துண்ட கணத்தில் கொள்கையை ஆராய்ந்து தெளியப் பொழுதில்லை. முன்னரே பழகிய நெஞ்சமே அப்பொழுது கையை நடத்தும். நாயனாரின் அடியார் தொண்டினைச் சேக்கிழார் முதற்கண்ணே கூறி வைத்தமை இதன்பொருட்டே என்க.

திருவள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலிலும், வெகுளாமை, இன்னாசெய்யாமை ஆகியவற்றைத் துறவறவியலிலும் வைத்தார். நாயனாரோ மனையறத்தார், நாடாளும் கடமை உடையவர். துறவோர்க்கு வகுத்த நோன்பினை அரண்மனையிலேயே நிறைவேற்றினார். மேலும், தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனை அடக்குதலையே வள்ளுவர் மெய்யான அடக்கமாகக் கொள்கிறார். தத்தனின் வாளைத் தடுத்தவர் மன்னரே. அவர் வாளா இருந்திருப்பினும் பகைவன் மாண்டிருப்பான். ஆதலின் ஈண்டுக் காணப்படுவது இயலாமை அன்று.

சினம் அவ்வறையோடு நின்றுவிடவில்லை. செய்தியறிந்த நகரத்தார் பகைவனைச் சூழ்ந்தனர். தத்தன் அரசாணை கூறி அவர்களை விலக்கி, அவனைக் காவலோடு கொண்டுபோய் விட்டு மீண்டான். அச்செய்தி கேட்கும்வரை நாயனார் உயிர் தாங்கியிருந்தார். தம் சினத்தை அடக்கியவர் பலர். தம்பொருட்டுப் பிறர் கொள்ளும் சினத்தையும் தணித்து, அது தணிந்தது என்று அறிந்த பின்னரே அமைதியுற்றவர் இவர். அரசுரிமைக்குரியார்க்கும் சுற்றத்தார்க்கும் இறுதியாக உரைத்தபோதும், திருநீற்றன்பைப் பேணுமாறு பணித்தாரேயன்றிப் பகைமுடிக்குமாறு பணித்திலர். பகைமை அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழியும் அங்கே அடைபட்டது.

முத்தநாதன் கருதியதை முடித்துச் சென்றான். எனினும், மெய்ப்பொருளாரைத் தன்னைப்போற் பகைவராக்க அவனால் இயலவில்லை. சுந்தரர் போற்றிய வெற்றி இதுவே எனக் கொள்ளுதல் பொருந்தும்.