முன்னோடி மனமும் எங்கட எழுதாத பக்கங்களும்

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி வந்த கதைகளையும் கவிதைகளையும் ஒருசேர வாசிக்கிற எவருக்கும் ஒரு விஷயம் தட்டுப்படும். அநேகமானவை 1990 ஒக்டோபர் 30ஆம் திகதியோடு முடிந்துவிடுகின்றன. ஒலிபெருக்கி அறிவித்தல், ஜின்னா மைதானம், இரண்டு மணி நேர அவகாசம், சோதனையில் பறிபோன நகை, திரும்பிப் பார்த்த வீடு. அந்த இடத்தில் கதை நின்று கண்ணீர் தொடங்குகிறது. கண்ணீரில் குற்றம் இல்லை. ஆனால் லொறியிலும் கால்நடையாகவும் படகிலும் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் மறுநாள் விடியக்காலையில் என்ன செய்தார்கள்? அடுப்புக்கு மூன்று கல் எங்கே எடுத்தார்கள்? ஒரே கிணற்றில் யாருக்கு முதலில் வாளி என்று யார் தீர்மானித்தது? இதை எழுதியவர்கள் மிகக் குறைவு.

இந்தக் குறை எனக்கு உறைத்தது ஜோன் ஸ்டைன்பெக்கின் ‘கோபத்தின் கனிகள்’ நாவலை மறுபடி வாசித்தபோதுதான். 1939இல் வந்த புத்தகம். ஒக்லஹோமாவில் நிலத்தை இழந்த ஜோட் குடும்பம் பழைய லொறியொன்றில் கலிபோர்னியாவுக்குப் போகிற கதை. நிலம் பறிபோவது முதற் சில அத்தியாயங்களிலேயே நடந்து முடிகிறது. மிச்சமெல்லாம் வழியும், வழிக்குப் பிறகு வருகிற வாழ்க்கையும்தான். நம்மவர் நிறுத்துகிற இடத்தில் அவர் தொடங்குகிறார்.

அமெரிக்க இலக்கியத்தில் ‘முன்னோடி’ என்ற சொல்லுக்கு ஒரு பெருமை உண்டு. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் 160 ஏக்கர் நிலத்தை உழுது குடியிருப்பவனுக்கே கொடுத்தது. வில்லா கேதர் 1913இல் எழுதிய ‘ஓ முன்னோடிகளே!’ நாவலில் நெப்ராஸ்காவின் முரட்டு நிலத்தை ஒரு பெண் வசப்படுத்துகிறாள். ஸ்டைன்பெக் அந்தப் பெருமையைத் தலைகீழாக்கினார். முன்னோடிகளின் பேரப்பிள்ளைகளை வங்கியும் டிராக்டரும் துரத்துகின்றன. ஆனால் அந்த மனம் சாகவில்லை. அது தகப்பனிடமிருந்து தாயிடம் போய்விடுகிறது.

பாலைவனத்தைக் கடக்கும் அந்த இரவை நினைத்துப் பாருங்கள். பாட்டி வண்டிக்குள்ளேயே மௌத்தாகிவிடுகிறாள். தாய் ஒருவருக்கும் சொல்லவில்லை. சோதனைச் சாவடியில் கிழவிக்குக் கடும் சுகமில்லை, வைத்தியரிடம் போகவேண்டும் என்று மன்றாடி வண்டியை விடவைக்கிறாள். விடியும்வரை மையத்தோடு படுத்திருந்து, பள்ளத்தாக்கின் பச்சை தெரிந்த பிறகுதான் விஷயத்தைச் சொல்கிறாள். வீரம் என்று ஸ்டைன்பெக் இதற்குப் பெயர் சூட்டவில்லை. முன்னோடி மனம் என்பதை நாம் நம்பிக்கை, துணிச்சல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த நாவலில் அது ஒழுங்கு பண்ணுகிற புத்தி: யாருக்கு எவ்வளவு சாப்பாடு, எதை எப்போது சொல்வது, எந்தச் சாமானை விட்டுப்போவது. வழியோரக் கூடாரங்களில் ஒவ்வொரு இரவும் ஒரு சின்ன ஊர் உண்டாகி, அதற்குச் சட்டதிட்டங்கள் உண்டாகி, காலையில் கலைந்துபோவதை அவர் ஒரு முழு அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார்.

தமிழில் இதற்கு ஈடு இல்லையா? முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இலேயே வாசவன்பட்டி மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. கலிபோர்னியாவில் பழம் பறிக்க ஆள் தேவை என்று ஜோட்மார் கண்ட துண்டுப்பிரசுரமும், தேயிலைச் செடியடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்ன கதையும் ஒரே சரக்குத்தான். ஆனால் மலையகத்துக் காட்டை வெட்டியவனுக்கு 160 ஏக்கர் கிடைக்கவில்லை. கிடைத்தது லயத்து அறையும் கடனும். 1948இல் குடியுரிமையும் போனது. ‘முன்னோடி’ என்ற பட்டமோ தோட்டத்துரைக்குப் போய்ச் சேர்ந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் ஒரு ஒக்டோபர் 30இல்தான். நாட்காட்டியின் குரூரம் என்று விட்டுவிடுவோம்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வேறு வகை. மெடானும் பினாங்கும் அதில் பிரமாதமாக வருகின்றன. ஆனால் பாண்டியன் குடியேறியவன் அல்லன், அலைபவன். அவனுக்கு வாளியும் கிணறும் பிரச்சினை இல்லை.

சரி, ஸ்டைன்பெக்குக்கு அந்த விவரங்கள் எங்கிருந்து வந்தன? 1936இல் சான் பிரான்சிஸ்கோப் பத்திரிகையொன்றுக்கு அவர் இடம்பெயர்ந்த தொழிலாளர் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். அரசாங்க முகாமொன்றை நடத்திய டொம் கொலின்ஸ் என்பவர் எழுதிவைத்த அறிக்கைகளை வாசித்தார். யார் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பேசினார்கள், என்ன சண்டை பிடித்தார்கள் என்பதெல்லாம் அந்த அறிக்கைகளில் இருந்தன. நாவலின் சமர்ப்பணத்தில் அந்த டொம்முக்கும் இடம் கொடுத்தார்.

நம்மிடமும் அறிக்கை இருக்கிறது. வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரசைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. சுமார் 75,000 பேரின் கதை அது, நிறையச் சாட்சியங்களோடு. கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போன பெண்கள், யாழ்ப்பாணத்தில் சொந்தக் கடை வைத்திருந்துவிட்டு இங்கே நாட்கூலியான வாப்பாமார் என்று எத்தனையோ பேரின் அனுபவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஜோட் குடும்பத்தில் தகப்பன் கையிலிருந்து தாயின் கைக்குப் போன அதிகாரம் ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் கைமாறியிருக்கிறது. எங்கட கதைகளிலோ உம்மா இன்னமும் அழுதுகொண்டே இருக்கிறா!

ஸ்டைன்பெக்கை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. அவரிடம் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஜோட் பாட்டன் அந்த நிலத்தைச் செவ்விந்தியரைக் கொன்றும் துரத்தியும்தான் பிடித்தான் என்பதை நாவலே ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. ஜோட்மாருக்கு முன்பே அதே தோட்டங்களில் முதுகொடிந்த மெக்சிக்கரும் பிலிப்பினோக்களும் கதையின் ஓரத்தில்கூடச் சரியாக நிற்கவில்லை. கிழக்கில் கல்லோயாத் திட்டத்தை அறிந்த வாசகருக்கு இது சட்டென்று விளங்கும். ‘குடியேற்றம்’ என்ற சொல்லை நம்மில் பலர் பெருமையோடு உச்சரிப்பதில்லை.

அதே நேர்மையை நம்மிடமும் கேட்கவேண்டியிருக்கிறது. புத்தளத்தார் வீட்டுக் கதவையும் பள்ளிவாசலையும் திறந்துவிட்டார்கள். முஹாஜிர், அன்ஸார் என்ற சொற்கள் அன்று மேடைதோறும் கேட்டன. வருடங்கள் போகப்போகப் பாடசாலை, தொழில், பல்கலைக்கழக அனுமதி என்று இடம் நெருக்கமானது. பெயர் ‘அகதி’யாகச் சுருங்கியது. இந்த இரண்டாம் பகுதியை எழுதினால் யாருக்கோ மனம் நோகும் என்று எழுதாமல் விடுகிறோம். தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை வீடு தேடுகிறவரிடம் “நீங்க எந்த ஊர்?” என்று கேட்கப்படுகிற தொனியிலேயே ஒரு சிறுகதை இருக்கிறது.

போருக்குப் பிறகு முசலிப் பக்கம் திரும்பியவர்களின் கதை இன்னும் சிக்கலானது. மறிச்சுக்கட்டியிலும் கரடிக்குளியிலும் இருபது வருடத்தில் காடு வளர்ந்து கிடந்தது. அதை வெட்டியபோது வில்பத்து சர்ச்சை எழுந்தது. விவகாரம் நீதிமன்றம்வரை போனது. அதன் சட்ட நியாயம் இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஆனால் ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அமெரிக்க நாவலில் காடு வெட்டியவன் முன்னோடி. இங்கே அவன் ஒருவருக்கு ஊர் திரும்பியவன், இன்னொருவருக்கு ஆக்கிரமிப்பாளன்.

எல்லாரையும் சேர்த்து ‘மீள்குடியேறியோர்’ என்கிறோம். மூத்தாப்பாவுக்கு அந்தச் சொல் பொருந்தும். 1991இல் முகாமில் பிறந்து, புத்தளத்துப் பேச்சு பேசி, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணமும் முடித்த பேரனுக்கு? அவனுக்கு முசலி திரும்பிப்போகிற ஊரல்ல, புதிதாகப் போகிற ஊர். எங்கட கதைகள் அவனை இன்னமும் ஊரை நினைத்து ஏங்க வைத்துக்கொண்டிருக்கின்றன. அவனோ கிணறு வெட்டுவதா, புத்தளத்து வீட்டை விற்பதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.