கூப்பரின் இடைவேளைக் கணக்கு

‘ஃபேஸிங் அலி’ (2009) ஆவணப்படத்தை இரண்டாவது முறை பார்த்தேன். முகமது அலியோடு மோதிய பத்துப் பேர் தங்கள் நினைவிலிருந்து பேசுகிறார்கள். மறுத்துப் பேச ஒரு நிபுணர்கூட இல்லை. படத்தின் பலமே அதுதான். என் சந்தேகமும் அங்கேதான்.

பத்தில் ஒருவர் ஹென்றி கூப்பர். 1963 ஜூன் 18, லண்டன் வெம்ப்ளி. அலி அப்போது காசியஸ் கிளே. நாலாவது ரவுண்டு முடியும் நேரத்தில் கூப்பரின் இடதுகைக் குத்தில் கிளே விழுந்தார். எழுந்ததும் பெல் அடித்துவிட்டது. கையுறை கிழிந்திருக்குன்னு பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ நடுவரிடம் காட்டினார். சின்னக் கிழிசலைப் பெரிசாக்கியதே தான்தான் என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார். அடுத்த ரவுண்டில் கூப்பரின் கண்ணருகே வெட்டு, ஒரே ரத்தம். சண்டையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த இடைவேளை சில நிமிஷம் இழுத்ததாகக் கதை வளர்ந்தது. ஒளிபரப்புப் பதிவில் கூடுதலாக இருப்பது ஐந்தாறு நொடிதான்! சர்வர் லாக் பார்த்தே பழகிய எனக்கு அங்கேயே விஷயம் முடிந்தது. ஆனால் எதிர் மூலையில் உட்கார்ந்திருந்தவருக்கு முடியவில்லை. கிழிசலைப் பெரிசாக்கியது நிஜம்தானே? நொடிக்கணக்கு தப்பு என்பதால் அவர் மனக்குறையும் தப்பாகிவிடாது.

என் கணக்கும் ஒன்று தப்பியது. 1973இல் அலியின் தாடையை உடைத்த கென் நார்ட்டன், படத்தில் குழறிப் பேசுகிறார். குத்து வாங்கியே இப்படி ஆகிட்டார்னு முதல் முறை நினைத்தேன். அவர் பேச்சைக் கெடுத்தது 1986இல் நடந்த கார் விபத்து.