மேற்கோளும் இடச்சுட்டும்

பிறர் கூற்றை எடுத்தாள்வோர் அதன் இடத்தைச் சுட்டுதல் வேண்டும் என்பது உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் உரிய விதியாகும். ஆயின் அவ்விதி பெரும்பாலும் நிறுத்தக்குறி பற்றிய விதியாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆசிரியர் பெயர் முன் வருமோ ஆண்டு முன் வருமோ என்பதைக் கற்கும் மாணாக்கன், தான் சுட்டிய இடத்தில் அக்கூற்று உண்மையிலேயே உளதா என நோக்கக் கற்பதில்லை. இடச்சுட்டின் பயன் யாது, தமிழ் நூல்களைச் சுட்டுங்கால் அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் இரண்டும் ஈண்டு ஆராயப்படும்.

மேற்கோள் காட்டுதல் தமிழ் மரபிற்குப் புதியதன்று. உரையாசிரியர்கள் பக்கந்தோறும் மேற்கோள் தருவர். எனினும் பல இடங்களில் நூற்பெயர் கூறார். அதனைக் குறையெனக் கடிதல் பொருந்தாது. அவர்கள் உளத்திற் கொண்ட மாணாக்கர் நூல்களை நெட்டுருச் செய்தவர். அவர்க்குப் பாட்டின் முதற்குறிப்பே இடச்சுட்டாயிற்று. அந்நூல்கள் பயிற்சியினின்று நீங்கிய பின்னரே இடர் தோன்றிற்று. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், அவ்வுரையிற் பெயரின்றி வந்த மேற்கோள்களின் மூலத்தைக் காண ஏட்டுச்சுவடிகளை நாடிப் பெரிதும் உழைக்க நேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு வேண்டாததாயிருந்த குறிப்பு மற்றொரு தலைமுறைக்கு இன்றியமையாததாயிற்று. இடச்சுட்டு, எழுதுவோன் தன் கல்வியைக் காட்டும் அணியன்று. தான் அறியாத, தன்னை அறியாத படிப்பாளிக்கு அவன் செலுத்தும் கடன் என்பது இதனாற் பெறப்படும்.

இக்கடனை நன்கு உணர்ந்தவர் அடியார்க்குநல்லார். சிலப்பதிகார உரைப்பாயிரத்தில், இசை நாடக நூல்களுள் இறந்தன இவை எனவும், தம் உரைக்குக் கருவியாயின இவை எனவும் அவர் பிரித்துரைக்கின்றார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்னும் ஐந்தனையும் ஆசிரியர் பெயரொடு கூறுகின்றார். அதனாலன்றோ, பஞ்சமரபு இருபதாம் நூற்றாண்டில் அச்சேறியபொழுது, அதனை அவர் உரையொடு ஒப்புநோக்க வழி பிறந்தது!

இனி, எண் தந்தால் இடம் தந்ததாகுமோ எனின், அற்றன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை இளம்பூரணர் 456 நூற்பாக்களாகவும், சேனாவரையர் 463 நூற்பாக்களாகவும், தெய்வச்சிலையார் 453 நூற்பாக்களாகவும் கொண்டனர். ஆதலின் உரையாசிரியர் பெயரின்றித் தரும் நூற்பா எண் படிப்பாளியை வேறொரு நூற்பாவிற் கொண்டு நிறுத்தலாம். திருக்குறளுக்கு இன்று வழங்கும் எண்களும் பரிமேலழகர் வைப்புமுறையைத் தழுவியனவே. மணக்குடவர் வைப்புமுறை பல அதிகாரங்களில் வேறுபடும். கம்பராமாயணப் பதிப்புக்களிலும் செய்யுள் எண் ஒத்திருப்பதில்லை. எண் என்பது நூலுக்கு உரியதன்று, பதிப்புக்கு உரியது என்பதே மாணாக்கர்க்கு முதற்கண் உணர்த்தற்பாலது.

ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியர் எனக் கொள்ளும் குறிப்பு முறையும் நமக்கு முற்றும் பொருந்துவதன்று. குறுந்தொகையைப் பாடினோர் பலர், தொகுத்தவன் பூரிக்கோ, 1937இல் உரையெழுதிப் பதிப்பித்தவர் சாமிநாதையர். ஆசிரியர் என்னும் இடத்தில் சாமிநாதையர் பெயரையும், ஆண்டு என்னும் இடத்தில் 1937ஐயும் இட்டு நிறுத்தும் மாணாக்கன் விதியைக் காத்து உண்மையைக் கைவிடுகின்றான். பாடியோர், தொகுத்தோர், உரைகண்டோர், பதிப்பித்தோர் என்னும் வேறுபாடு குறிப்பில் விளங்குதல் வேண்டும். அவ்வேறுபாட்டை அறிதல் தானே இலக்கிய வரலாற்றின் முதற்பாடமுமாகும்.

இவையனைத்தினும் பெரிய பிழை, காணாத நூலைக் கண்டதாகக் காட்டுதல். தகடூர் யாத்திரை இன்று முழுநூலாகக் கிடைத்திலது. அதன் செய்யுட்கள் சில நச்சினார்க்கினியர் உரையிலும் புறத்திரட்டிலும் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றை எடுத்தாள்வோர் 'தகடூர் யாத்திரை' என்று மட்டும் குறித்தல், இல்லாத ஏட்டைக் கையிற் கொண்டதாகக் கூறுவதனோடு ஒக்கும். 'நச்சினார்க்கினியர் காட்டிய தகடூர் யாத்திரைச் செய்யுள்' என்பதே மெய்யான குறிப்பு. ஒருவர் கட்டுரையிற் கண்ட மேற்கோளையும் அடிக்குறிப்பையும் ஒருங்கே பெயர்த்துத் தமதாக்குவோர் செய்வதும் இதுவே. முன்னவர் எண்ணைப் பிழைபட எழுதியிருப்பின், பின்னவர் பலரும் அப்பிழையையே எழுதுவர். பலர் கூறியமையால் அது மெய்போலவும் தோன்றும்.

பள்ளி மாணாக்கர்க்கு இத்துணை நுட்பம் வேண்டுமோ என்பாரும், பள்ளி நூலகத்தில் மூலநூல்கள் உளவோ என்பாரும் உளர். மூலநூல் இல்லையாயின், 'பாடநூலிற் கண்டது' என எழுதுக. இணையத்திற் கண்டதாயின், எப்பக்கத்தில் என்று கண்டது, அஃது எப்பதிப்பைத் தழுவியது என எழுதுக. எளிய குறிப்பாயினும் அது மெய்க்குறிப்பு. பிறரிடமிருந்து பெயர்த்த நீண்ட குறிப்பினும் அது மேம்பட்டது. கட்டுரைக்கு மூன்று மேற்கோள்களே அமையும். அம்மூன்றையும் மற்றொரு மாணாக்கன் குறிப்பைக் கொண்டே தேடிக் காணுமாறு செய்தல் வேண்டும். அவன் கண்டால் குறிப்புச் சரி. காணானாயின், அரைப்புள்ளி உரிய இடத்தில் நின்றும் பயனில்லை.

இதுகாறும் கூறியவாற்றான், இடச்சுட்டின் செம்மை அதன் வடிவில் அன்று, படிப்பாளியை மூலத்தின்பாற் சேர்க்கும் ஆற்றலிலேயே உளது என்பது போதரும். இப்பழக்கம் பள்ளியில் அமையாதாயின் முதுகலை வகுப்பில் அதனைப் புதிதாக ஊட்டுதல் அரிது. நாளை நம் ஆய்வேடுகள் நம்பத்தக்கனவாதல் இன்று பள்ளியில் எழுதப்படும் சிறு கட்டுரைகளைப் பொறுத்ததாகும்.