நம் அட்சரேகைக்கு ஏற்ற வான்கேமரா: சீஸ்டார் எஸ்50

வான்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் எந்த டெலஸ்கோப் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை எதன் மேல் வைக்கப்போகிறீர்கள் என்பதே என் பதில் கேள்வி. பூமியின் சுழற்சியால் நட்சத்திரங்கள் விநாடிக்கு 15 ஆர்க் விநாடி வரை நகர்கின்றன. 250 மி.மீ. குவியத் தூரமும் 2.9 மைக்ரான் பிக்சலும் உள்ள கேமராவில் அது விநாடிக்கு ஆறு பிக்சல். அசையாத ஸ்டாண்டில் இரண்டு விநாடி திறந்து வைத்தாலே புள்ளி கோடாகிவிடும். பணத்தை எல்லாம் லென்ஸில் கொட்டிவிட்டு, அதைத் தாங்கித் திருப்பும் மவுண்டில் மிச்சம் பிடிப்பவர்களுக்கு நிலாவைத் தாண்டி அதிகம் கிடைப்பதில்லை.

கையில் நல்ல கேமரா இருந்தால், வானோடு சேர்ந்து திரும்பும் ஸ்டார் டிராக்கர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் மேலை நாட்டு வழிகாட்டிகள் சொல்லும். நல்ல யோசனைதான். ஆனால் டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். லண்டனில் அது 51 டிகிரி உயரத்தில் நிற்கிறது. சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அடிவானப் புழுதியும் அதை மறைத்துவிடும். 2023இல் வந்த சீஸ்டார் எஸ்50 நம் ஊருக்குப் பொருந்துவது இந்த இடத்தில்தான்.

சீனாவின் இசட்டபிள்யூஓ நிறுவனம் தயாரிப்பது இது. 50 மி.மீ. விட்டமுள்ள மூன்றடுக்கு லென்ஸ், சோனி சென்சார், மோட்டார் மவுண்ட், தானே ஃபோகஸ் செய்யும் அமைப்பு, பனித்துளி படியாமல் காக்கும் ஹீட்டர், 64 ஜிபி நினைவகம், பேட்டரி எல்லாம் சுமார் இரண்டரை கிலோவுக்குள் அடக்கம். மட்டம் பார்த்து வைத்து, செல்பேசிச் செயலியில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வானத்தின் ஒரு துண்டைப் படம் எடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களைத் தன் வரைபடத்தோடு ஒப்பிட்டு, எங்கே பார்க்கிறோம் என்பதைக் கண்டுகொண்டு திரும்பும். வடக்கு வானமே தெரியாத மாடியிலும் வேலை நடக்கும்.

பிறகு பத்துப் பத்து விநாடிப் படங்களாக எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. நெபுலாவின் ஒளி ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் விழுகிறது. சென்சாரின் இரைச்சல் தாறுமாறாக விழுவதால் சராசரியில் மங்கிப்போகிறது. நேரத்தை நான்கு மடங்காக்கினால் தெளிவு இரு மடங்காகும். ஓரியன் நெபுலா முதல் படத்திலேயே தலைகாட்டும். ஆனாலும் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதன் ஓர இழைகள் வெளிவரும்போது, பொறுமைக்குக் கூலி கிடைத்தது தெரியும்.

நகர வெளிச்சத்தில் என்ன ஆகும்? உள்ளேயே ஓர் இரட்டைப் பட்டை ஃபில்டர் இருக்கிறது. ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பையும் ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் பச்சையையும் விட்டுவிட்டு மற்றதில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. ஒளிரும் நெபுலாக்களைச் சென்னை மாடியிலிருந்தே எடுக்கலாம். கேலக்சிகளுக்கு இந்த ஃபில்டர் உதவாது. அவற்றின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியது, எல்ஈடி தெருவிளக்கும் அப்படியே. கேலக்சிகளை எடுக்க இருட்டுதான் வேண்டும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் காவலூர் ஆய்வகம் ஜவ்வாது மலையில் இருப்பதற்கு அங்குள்ள இருட்டும் ஒரு காரணம்.

நமக்கு வாய்த்த செல்வம் தெற்கு வானம். ஏப்ரல் நள்ளிரவில் ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து சென்னையில் 29 டிகிரி உயரத்துக்கு வருகிறது. லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் செறிந்த அந்தப் பந்து எஸ்50இன் சட்டத்துக்குள் அளவெடுத்தாற்போல் அமர்கிறது. இந்தக் கருவியால் முதலில் எதை எடுக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் அதைத்தான் சொல்வேன். மார்ச்சில் தெற்கு அடிவானம் திறந்திருக்கும் இடம் கிடைத்தால் கரினா நெபுலாவையும் விட்டுவிடாதீர்கள்.

குறைகள் உண்டு. வியாழன் இருபது பிக்சல் அகலத்துக்குத்தான் தெரியும். கோள்கள்தான் ஆசை என்றால் இதை வாங்க வேண்டாம். படமே 1080க்கு 1920 பிக்சல்தான். சுவரில் பெரிதாக மாட்ட முடியாது. சட்டத்தின் அகலம் 0.7 டிகிரி, உயரம் 1.3. கார்த்திகைக் கொத்து அதில் முழுதாக அடங்காது. ஆண்ட்ரோமிடாவுக்குப் பல துண்டுகளை ஒட்டும் மொசைக் முறை வேண்டும். அகன்ற காட்சி பிடிக்கும் என்றால் 150 மி.மீ. குவியத் தூரமுள்ள தம்பி எஸ்30ஐப் பாருங்கள்.

நம் அட்சரேகை இங்கேயும் குறுக்கிடுகிறது, இந்த முறை எதிராக. மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் மவுண்டில் காட்சி மெல்லச் சுழலும். பொருள் தலைக்கு மேலே நெருங்க நெருங்கச் சுழற்சி வேகம் கூடும். நம் ஊரில் ஓரியன் உச்சிக்குப் பக்கத்திலேயே போகிறது. ஓரங்கள் வெட்டுப்படும், சில படங்களைக் கருவியே தள்ளிவிடும். உச்சத்தைத் தொடுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்போ பின்போ எடுங்கள். சாய்த்து வைத்துப் பயன்படுத்தும் ஈக்வடோரியல் முறை பின்னர் மென்பொருளில் வந்தது. அதில் சுழற்சி இல்லை, 20, 30 விநாடிப் படங்களும் நிற்கும். ஆனால் 13 டிகிரிக்குச் சாய்ப்பதென்றால் கருவி ஏறக்குறையப் படுத்துவிடும். எடை ஒரு பக்கம் தொங்குவதால், அதோடு வரும் சின்ன ட்ரைபாட் போதாது. கனமான ட்ரைபாடும், கருவியைச் சாய்த்துப் பிடிக்கும் உறுதியான வெட்ஜும் தனியாக வாங்க வேண்டும்.

முதல் இரவிலேயே அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொரு தனிப்படத்தையும் சேமிக்கும் தேர்வை இயக்கிவிடுங்கள். செயலி தரும் படம் பகிர்வதற்குப் போதும். தனிப்படங்களை வைத்து சிரில் என்ற இலவச மென்பொருளில் நீங்களே ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து (ஸ்டாக் செய்து) பழகினால்தான் கலை கைவசப்படும். சூரியனைப் பிடிக்கும்போது பெட்டியில் வரும் சூரிய ஃபில்டரை முன்னால் மாட்டிய பிறகே கருவியைத் திருப்புங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளியும். வாங்குவதானால் டிசம்பருக்குள் வாங்கி நிலாவில் கைபழகிக்கொள்ளுங்கள்.