டொல்பினுக்கு டர்போ: புளொக் பழசு போதும், ஹெட் புதுசு வேணும்

வரிப்பத்தான்சேனையில் டொல்பின் வேன் வைத்து கண்டிக்கு ஆஸ்பத்திரிப் பயணம் ஓடுபவனிடம் எதிரி யாரென்று கேட்டால், மகியங்கனை தாண்டி வரும் பதினெட்டு வளைவைத்தான் சொல்வான். உள்ளே பன்னிரண்டு பேர், கரியரில் இரண்டு மூட்டை அரிசி. இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறுகையில் பின்னால் வரும் பஸ்காரன் ஹோன் அடித்தே உயிரை எடுப்பான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதோடு வேறு வேன் எடுக்கும் எண்ணம் போயிற்று. 2025 பெப்ரவரியில் திறந்தார்கள்தான். விலையைக் கேட்டுவிட்டு வந்து பழைய வேனையே கழுவினேன். டர்போ யோசனை அன்றைக்குத்தான் வந்தது.

என்னிடம் இருப்பது டொயோட்டாவின் 3எல் டீசல். 2779 சீசீ, துளையும் ஸ்ட்ரோக்கும் 96 மில்லிமீட்டர், டர்போ இல்லாமல் பிறந்த என்ஜின். “டர்போ கடைசில பாப்பம் தம்பி. முதல்ல ஹெட்டக் கழட்டுவம்” என்றார் கராஜ் பாஸ். மூன்று கிழமை கழித்துத்தான் அந்தப் பேச்சின் அருமை விளங்கியது.

3எல் குடும்பத்து என்ஜின்களில் டீசல் நேரே பிஸ்டனுக்கு மேல் எரிவதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் பற்றி, ஒடுங்கிய வாய் வழியாகக் கீழே பாய்கிறது. அதனால் சூட்டின் பெரும்பங்கை ஹெட்தான் வாங்குகிறது. டர்போ காற்றைத் திணித்து டீசலையும் கூட்டினால், வால்வு இரண்டுக்கும் நடுவே, அந்த அறையின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் விழும். டர்போவோடே வந்த 2446 சீசீ 2எல்-டீ, ஹெட் வெடிப்பதற்கே பேர்போனது. அதன் மேல்பாகத்தை வாங்கி என் புளொக்கில் ஏற்றலாம் என்று ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. நோய் உள்ள இடத்தையே காசு கொடுத்து வாங்குவதா?

என்ஜினையே மாற்றி 1கேஸட்-டிஈ போடலாமா என்றும் யோசித்தேன். நல்ல என்ஜின். 2982 சீசீ, இழுவைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் அலுமினிய ஹெட்டும் சூடு பொறுக்காது. போதாததற்கு எலெக்ட்ரோனிக் பம்ப், அதற்கொரு கொம்பியூட்டர், வயர் கூட்டம். என்ஜினையே மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ஜின் நம்பரையும் மாற்றிப் பதிய வேண்டும். ஆகவே என் 3எல் புளொக்கே இருக்கட்டும் என்று விட்டேன்.

புளொக் வார்ப்பிரும்பு. கவிழ்த்துத் துளைகளை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் கேஜ் வைத்து அளந்தோம். தேய்மானம் இருந்தது, முட்டை வடிவம் இல்லை. முதல் ஓவர்சைஸ் பிஸ்டனோடு நிறுத்திக்கொண்டோம். டர்போவுக்குப் போகிறவன் துளையை எவ்வளவு குறைவாகப் பெருப்பிக்கிறானோ அவ்வளவு சுவர் மிஞ்சும். ஒன்று கண்ணில் பட்டது. பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீச்சும் குழாய் என் புளொக்கில் இல்லை. பூஸ்டை அரை பாரோடு நிறுத்தச் சொன்னது அந்தக் குறைதான்.

ஹெட்டில்தான் காசு போனது. பழைய சாமான் கடையொன்றில் “ஜப்பான் ஹெட், கெரண்டி” என்று தந்ததை கல்முனை லேத்தில் சுடுதண்ணீரில் அமுக்கிக் காற்றடித்தார்கள். மூன்றாம் சிலிண்டர் பக்கம் முத்து முத்தாகக் குமிழி வந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. பிறகு புது வார்ப்பு ஹெட் வாங்கி அதையும் அதே தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம். கேஸ்கட்டிலும் கவனம் வேண்டும். பீ, டீ, எஃப் என்று மூன்று தடிப்பில் வருகிறது. பிஸ்டன் புளொக்குக்கு மேல் எவ்வளவு நீட்டி நிற்கிறதென்று டயல் கேஜில் அளந்துதான் எதை எடுப்பதென்று சொல்ல முடியும். கடையில் கைக்கு வந்ததை வாங்குகிறவர் ஹெட்டை இரண்டாம் தரமும் கழற்றுவார்.

டொல்பினில் என்ஜின் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால் தாழ்வில். தண்ணீர் ஊற்றும்போது காற்று அடைத்துக்கொள்ளும். முன் சக்கரங்களை மேட்டில் ஏற்றி, ஹீட்டர் குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றுகிற வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

டர்போவும் ஏறியபின், இப்போது அதே சுமையோடு வளைவுகளில் மூன்றாம் கியர் தாங்குகிறது. எக்ஸோஸ்டில் பொருத்திய சூட்டுக் கேஜ் 650ஐத் தொட்டால் காலைத் தளர்த்துகிறேன். பம்பில் டீசலைக் கூட்டும் ஆசை பாஸுக்கு இருந்தது, நான் விடவில்லை. கறுப்புப் புகை கக்கினால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் நிற்க வேண்டிவரும். டீசல் செலவு குறைந்தது என்று சொல்ல மாட்டேன். குறையவில்லை.

மலை ஏறுகிறவருக்கு இந்தச் செலவு தகும். அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் நடுவே மட்டும் ஓடுபவர் டர்போவை மறந்துவிட்டு, அந்தக் காசில் ரேடியேட்டரை மாற்றுங்கள்.