மேதையும் அசடும்

மேதையை உலகம் முதலில் அசடு என்றுதான் சொல்லும் என்கிற நம்பிக்கை நம் எழுத்தாளர்களிடையே வெகு ஆழமாக ஊறிக் கிடக்கிறது. வாஸ்தவந்தான், பல பேருக்கு அப்படி நேர்ந்திருக்கிறது. ஆனால் இதையே திருப்பிப் போட்டு, 'என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆகவே நான் மேதை' என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். என்னிடம் கதை கொண்டுவரும் இளைஞர்களில் சிலர், காகிதத்தை என் கையில் கொடுப்பதற்கு முன்பே, 'இது இன்றைக்குப் புரியாது, ஸார்' என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? வெளி அடையாளங்களைக் கொண்டு இரண்டையும் பிரிக்கவே முடியாது. இரண்டு வில்லியம்களைப் பார்த்தாலே இது தெரியும்.

ஒருவர் வில்லியம் பிளேக். 1757-ல் பிறந்த லண்டன்காரர். பிழைப்பு, தகட்டில் சித்திரம் செதுக்குவது. சிறு பையனாக இருந்தபோதே மரத்தில் தேவதூதர்களைக் கண்டதாகச் சொல்லி, அப்பாவிடம் அடி வாங்க இருந்தவர். 1809-ல், காலுறை வியாபாரம் செய்துகொண்டிருந்த அண்ணன் வீட்டுக் கடையில் தம் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். 'எக்ஸாமினர்' பத்திரிகைக்கு மதிப்புரை எழுதியவர், இந்த மனுஷன் பாவம் பைத்தியம், யாருக்கும் தீங்கு செய்யாததால்தான் அடைத்து வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்ற பொருள்பட எழுதிவிட்டார்.

மற்றவர் வில்லியம் மக்கோனகல். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துக் கைத்தறி நெசவாளி. 1877-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 'எழுது, எழுது' என்று ஒரு குரல் கேட்டதாம். அன்று பிடித்தது எழுத்து. அடுத்த வருஷம் விக்டோரியா மகாராணியின் முன்னால் பாட்டுப் படிப்பதற்காக, மழையில் நனைந்துகொண்டு பால்மோரல் அரண்மனை வரைக்கும் நடந்தே போனார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேடை ஏறினால் அழுகல் முட்டை வீசினார்கள். அவர் நிறுத்தவில்லை.

குரல் இருவருக்கும் கேட்டிருக்கிறது. வறுமை இருவருக்கும் உண்டு. தன்னம்பிக்கையில் மக்கோனகலுக்கு ஒரு பிடி அதிகம் என்றே சொல்லலாம். பிளேக் 1827-லும் மக்கோனகல் 1902-லும் இறந்தபோது பெயர் பொறித்த கல்கூட வைக்காமல்தான் புதைத்தார்கள். வாழ்க்கை வரலாற்றைப் பார்த்து மார்க் போடுவதென்றால் இருவருக்கும் ஒரே மார்க்குத்தான் போட்டாக வேண்டும்.

எழுத்தைப் பார்ப்போம். டே நதியின் மேல் கட்டிய ரயில் பாலம் 1878-ல் திறக்கப்பட்டது. மக்கோனகல் அதற்கு ஒரு வாழ்த்துப் பாடினார். 1879 டிசம்பர் 28 இரவு, புயலில், பாலத்தின் நடுப்பகுதி ரயிலோடு ஆற்றில் விழுந்தது. வண்டியில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதையும் பாடினார். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். வாழ்த்தில் பாலத்துக்கு அழகு, ஆற்றுக்கு வெள்ளி. ஒப்பாரியிலும் பாலத்துக்கு அழகு, ஆற்றுக்கு வெள்ளி! அத்தனை பேரை விழுங்கிய பிறகும் அவர் கண்ணுக்கு அந்தத் தண்ணீரின் நிறம் மாறவில்லை. கவிகள் என்றால் ஆற்றை இப்படித்தான் அழைப்பார்கள் என்று மனசில் ஒரு அடைமொழி தயாராக நிற்கிறது. அது ஆற்றை மறைத்துவிடுகிறது. பாட்டின் கடைசியில், பக்கத்துக்குப் பக்கம் முட்டுச்சுவர் கொடுத்திருந்தால் பாலம் விழுந்திராது என்று யோசனை வேறு. அந்த யோசனை, பார்க்கப் போனால், அவ்வளவு அசட்டுத்தனம் இல்லை. 1880-ல் விசாரணை நடத்தியவர்களும் காற்றின் வேகத்தைக் கணக்கில் வைத்துக் கட்டவில்லை என்றே சொன்னார்கள். அபிப்பிராயம் சரி, பாட்டுத்தான் அசடு. நம் நாவல்களிலும் இந்தச் சங்கதி அடிக்கடி நடக்கிறது.

பிளேக் 1794-ல் வெளியிட்ட புலிப் பாட்டு, அவர் நோட்டுப் புத்தகத்தில் முதலில் எழுதிப் பார்த்த வடிவத்திலும் கிடைத்திருக்கிறது. ஒரே அடித்தலும் திருத்தலுமாக இருக்கிறது. ஒரு முழுச் செய்யுளையே எழுதிவிட்டுத் தள்ளியிருக்கிறார். தேவதூதர்களோடு பழகியவர், முதலில் வந்த சொல்லை அவர்கள் கொடுத்ததாக எண்ணி அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை. சொல் புலிக்குப் போதவில்லை என்று மறுபடி மறுபடி புலியிடமே போகிறார். முடிந்த பாட்டு முழுக்கக் கேள்விகள். ஒன்றுக்காவது பதில் இல்லை. இந்தப் பயங்கரத்தைப் படைத்த கை எது என்ற பிரமிப்பில், தாம் கவி என்பதே பிளேக்குக்கு மறந்துபோய்விடுகிறது. மக்கோனகலோ, ரயில் ஆற்றில் விழுகிற நேரத்திலும் அதை மறக்கவில்லை.

ஆகையால் இளைஞர்கள் கொடுக்கும் காகிதங்களில் நான் முதலில் தேடுவது அடித்த இடங்களைத்தான். முத்து முத்தாகப் பிரதி எடுத்துக் கொண்டுவருகிறவர்களிடம், முதலில் கிறுக்கியதைக் காட்டச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது.

இந்த அளவுகோலும் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. பிளேக்கின் 'ஜெரூசலம்' நூறு தகடுகள் கொண்ட நூல். பலமுறை எடுத்துப் படிக்க முயன்றிருக்கிறேன். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாருக்குள் புகுந்துகொண்டு பேசுகிறார்கள் என்பதே பல பக்கங்களில் பிடிபடவில்லை. அந்த 'எக்ஸாமினர்' மதிப்புரைக்காரரிடம் எனக்கு அனுதாபங்கூடப் பிறந்துவிடுகிறது. மூடி வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது ஒரு வரி வந்து கையைப் பிடிக்கிறது. இன்னும் இருபது தகடு பார்ப்போமே என்று உட்கார்ந்துவிடுகிறேன்.