கொட்டையிடம் எதைக் கேட்பது?

கோடையில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாம்பழம் திருவண்ணாமலைத் தள்ளுவண்டிகளுக்கு வந்துவிடும். செந்தூரா முந்திக்கொள்ளும், நீலம் கடைசியில் வந்து சேரும். ருசியாக இருந்த பழத்தின் கொட்டையைக் கொல்லையில் ஊன்றுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். காசு செலவில்லை, பிள்ளைகளுக்கும் குஷி. ஆனால் தின்ற பழமே மரமாகித் திரும்பி வரும் என்று நம்புகிறோமே, அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம் ஆகியவற்றின் கொட்டைக்குள் இருப்பது ஒரே கரு. ஈயும் வண்டும் எந்த மரத்து மகரந்தத்தைச் சுமந்து வந்தனவோ, அதன் குணமும் அதில் கலந்திருக்கும். தாயைப் போலப் பிள்ளை என்பதெல்லாம் இங்கே செல்லாது. கேரளத்து மூவாண்டன் போன்ற சில ரகங்கள் விலக்கு: ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பும், அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சு. நம் வண்டிகளில் அந்த ரகங்களைப் பார்ப்பது அரிது. ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்த்துவிடும். கொட்டைக்கன்று ஆறு முதல் பத்து ஆண்டுகள்கூடக் காக்க வைக்கும். அதற்குப் பிறகும் நாரும் புளிப்புமாகப் பழுத்தால் ஊறுகாய்தான் போட வேண்டும்.

இந்தச் சீட்டுக் குலுக்கலில் பரிசு விழுந்த கதையும் உண்டு. மல்கோவா என்ற பெயரோடு 1889இல் இந்தியாவிலிருந்து ஃபுளோரிடா போன மரத்தின் வழிவந்த கொட்டைகளை, 1902இல் கேப்டன் ஹேடன் என்பவர் தம் வீட்டு நிலத்தில் டஜன் கணக்கில் முளைக்க வைத்தார். மறு ஆண்டே அவர் காலமாகிவிட, 1910இல்தான் பழம் வந்தது. அவற்றில் ஒரு மரத்தின் பழம் ‘ஹேடன்’ என்று பெயர் பெற்றது. அமெரிக்கக் கடைகளை நிறைத்த ‘டாமி அட்கின்ஸ்’ ரகம் அதன் வாரிசு. கொட்டையை யாருமே ஊன்றாவிட்டால் புது ரகம் பிறக்காது என்பது சரி. ஆனால் அவர் வாங்கியது டஜன் கணக்கில் சீட்டு. அரை கிரவுண்டு மனையில் நாம் வாங்குவது ஒன்றே ஒன்று.

அப்படியானால் கொட்டை வீணா? இல்லை, அது தருவது வேர். திருவண்ணாமலையின் கல்லும் சரளையுமான மண்ணில் ஒரு கன்று முதல் கோடையைத் தாண்டுவது ஆணிவேரைப் பொறுத்தது. இருக்கும் இடத்திலேயே முளைத்த கன்று நேரே கீழே இறங்கும். பாலித்தீன் பையில் நெடுநாள் கிடந்த கன்றின் வேரோ அடியில் சுருண்டுகொள்ளும்; நட்ட பிறகும் அந்தச் சுருள் எளிதில் பிரிவதில்லை. நாற்றங்காலில் காசு கொடுத்து வாங்கும் ஒட்டுக்கன்றின் கீழ்ப்பாதியும் நாட்டு மாங்கொட்டையில் முளைத்ததுதான். ஆகவே கொட்டையா, ஒட்டா என்று சண்டை போடுவதே அசட்டுத்தனம். கொட்டையை இடத்திலேயே ஊன்றி, தண்டு பென்சில் கனம் வந்ததும் ருசி தெரிந்த மரத்தின் குச்சியை அதன்மேல் ஒட்டலாம். கை பழகாதவருக்கு முதல் சில ஒட்டுகள் கருகும். இந்த வழியின் உண்மையான குறை அது. தோட்டவேலை தெரிந்த ஒருவரை அழைத்துக்கொள்வது மேல்.

இடத்தையும் பார்க்க வேண்டும். தோப்பில் மரத்துக்கு மரம் முப்பது அடி விடுவார்கள். காம்பவுண்டு சுவருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே கொட்டையை ஊன்றிவிட்டுப் பத்தாம் ஆண்டு கோடரி எடுப்பதைவிட, சும்மா இருந்துவிடலாம். இடம் தாராளமாக உள்ள ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் இந்தத் தயக்கம் வேண்டாம். 1898இல் ரமண மகரிஷி சில மாதம் தங்கியதும் இவ்வூரின் குருமூர்த்தம் என்ற மடத்தை அடுத்த ஒரு மாந்தோப்பில்தான். மலைமேல் மாமரத்தின் பெயரிலேயே ஒரு குகை இருக்கிறது. அந்த மரத்தின் பழம் என்ன ரகம் என்று யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

ஊன்றுகிறவர்கள் கொட்டையைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டாம். காய்ந்தால் சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். மேல் ஓட்டைப் பிளந்து பருப்பைப் பாருங்கள். வண்டு துளைத்திருந்தால் அடுத்த கொட்டையை எடுங்கள்.